ரிப் மேல் அல்ல, பாடி மேல்

2010இல் எங்கள் கம்பெனி மெர்ச்சன்டைசர்கள் எல்லோரையும் ஒரு ஹோட்டல் ஹாலில் உட்கார வைத்து இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டாம் நாள் மதியம், பிரியாணி சாப்பிட்டுக் கண் சொக்கிக்கொண்டிருந்த நேரம், "உங்கள் வாழ்க்கையின் மிஷனை, அதாவது நோக்கத்தை, ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள், இருபது நிமிஷம்" என்றார் பயிற்சியாளர். நான் ஆங்கிலத்தில் எழுதினேன். நேர்மை, உன்னதம், தொடர்ந்து கற்றல், சுற்றியிருப்பவர்களுக்கு ஊக்கம் என்று இருந்த நல்ல சொற்களை எல்லாம் ஒரே வாக்கியத்தில் திணித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். மறுவாரம் அதை லேமினேட் செய்து கையில் கொடுத்தார்கள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தேன். அதற்கு மேல்தான் தினமும் டீ டம்ளர் வைப்பேன்.

அட்டையில் பொய் எதுவும் இல்லை. மறுப்பதற்கும் எதுவும் இல்லை, அதுதான் கோளாறு. பக்கத்து மேசைக்காரர் அட்டையும் கிட்டத்தட்ட அதேதான். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மேசைகளைத் துடைத்தபோது இரண்டும் இடம் மாறிவிட்டன. நான் கவனித்தது நான்கு மாதம் கழித்து. அதுவும் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்ததால்தான்.

மெர்ச்சன்டைசர் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் பனியன் கம்பெனித் தளத்துக்கும் நடுவில் நிற்பவன். உடையின் அளவு, துணி, தையல் விவரம் எல்லாம் அடங்கிய, பையர் அனுப்பும் டெக்பேக்கைப் பிரித்து, நூல் வாங்குவதில் தொடங்கி நிட்டிங், சாயம், காம்பேக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தேதி போட்டு, அந்தத் தேதிகள் வரிசையாகத் தவறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவன். 1999இல் 22 வயதில் தாராபுரம் பக்கமிருந்து திருப்பூர் வந்து இந்த வேலைக்குள் நுழைந்தேன். பிடித்து வந்தேன் என்று சொல்ல மாட்டேன். மாமா ஒருவர் கம்பெனியில் சொல்லி வைத்திருந்தார், வந்தேன்.

2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடக் கூடாது என்ற உத்தரவு முன்பே இருந்தது. அது நிறைவேறவில்லை, நொய்யல் ஆறு நிறம் மாறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயம் இல்லாவிட்டால் துணி ஏது? வெள்ளைத் துணிக்கும் ப்ளீச்சிங் வேண்டும். சாயம் ஏறாத கிரே துணி லாரி ஏறி வெளியூர் போய்த் திரும்பி வரும்வரை தளத்தில் மெஷின்களுக்கு உறை போட்டு வைத்திருந்தார்கள். பையர்களுக்குச் சமாதானம் சொல்லி மெயில் அனுப்பினால் அன்றைய வேலை முடிந்தது. 12 வருஷத்தில் முதல் தடவையாக மாலை ஆறு மணிக்கு வீட்டில் இருந்தேன். வீட்டில் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் வாரம் பீரோவை ஒழுங்குபடுத்தப் போய் டைரிகள் கிடைத்தன.

நூல் ஏஜென்ட் வருஷா வருஷம் கொடுக்கும் டைரி. அன்றாடம் என்ன ஓடியது என்று அதில் கிறுக்கி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. "ஷேட் அப்ரூவல் வரல", "ஜிப்பர் பாக்ஸ் மிஸ்ஸிங்", "ஃபேப்ரிக் 160க்கு 148 ஜிஎஸ்எம்" என்கிற மாதிரி. பொழுது போகாமல் 2008, 2009, 2010 மூன்றையும் புரட்டினேன். அப்போதுதான் அட்டை மாறியிருந்ததும் நினைவுக்கு வந்தது. சரி, அட்டையில் இருப்பவன் இந்த டைரிக்குள் எங்காவது இருக்கிறானா பார்ப்போம் என்று இரண்டு பேனா எடுத்துக்கொண்டேன். யாரும் சொல்லாமல், யாரும் காசு கொடுக்காமல் நானாகச் செய்த வேலைக்கு நீல வட்டம். ராத்திரி தூக்கம் கெடும் அளவுக்குக் கோபம் வந்த விஷயத்துக்குச் சிவப்பு வட்டம். நான்கு மாலைகள் பிடித்தன.

பெரும்பாலான பக்கங்களில் வட்டமே விழவில்லை. பிரமோஷன் கிடைத்த நாளுக்கு வட்டம் இல்லை. புது பையர் வந்த நாளுக்கு இல்லை. மூன்று வருஷத்தில் 41 வட்டம். எண்ணிப் பார்த்தால் அதில் 26 ஒரே விஷயத்தைச் சுற்றி. அதில் முதலாவதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

2009 ஆகஸ்ட். டைரியில் இரண்டே சொல்: "கழுத்து. அக்கா." ஆண்கள் டீஷர்ட், வட்டக் கழுத்து, 5,000 பீஸ். உற்பத்திக்கு முன்னால் அனுப்பும் பிபி சாம்பிளைப் பார்த்துவிட்டு பையர் ஒன்பது கமென்ட் அனுப்பியிருந்தார். ஏழாவது கமென்ட்: கழுத்தைச் சுற்றி வரும் மேல்தையல் ரிப் (கழுத்துப் பட்டி) மேல் விழக் கூடாது, பாடி (உடம்புத் துணி) மேல் விழ வேண்டும். நான் அதை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, தையல் மெஷின் வரிசையான லைனின் தலைமாட்டில் தொங்கவிட்டேன். என் கடமை முடிந்தது. உறை தொங்கியது, காகிதம் தொங்கியது, ஆங்கிலம் தொங்கியது. லைனில் 3,400 பீஸ் ரிப் மேலேயே தைத்து முடித்த பிறகு செக்கிங்கில் ஒரு பையன் சாம்பிளையும் பீஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "சார், இது வேற மாதிரி இருக்கே" என்றான்.

பின்னலாடையில் தையலைப் பிரித்தால் ஊசி போன இடம் ஓட்டையாகத் தெரியும். ஸ்டீம் வைத்தால் கொஞ்சம் மூடும், எல்லாம் மூடாது. பிரித்து, ஓட்டை விழுந்ததை ஒதுக்கி, ஒதுக்கியதற்குத் திரும்பக் கட்டிங் போட்டு முடிப்பதற்குள் கப்பல் போய்விட்டது. சரக்கு விமானத்தில் போனது, ஒன்றேகால் லட்சம் ரூபாய். அந்தக் கணக்கு என் தலையில் விழுந்தது, அதை நான் லைன் தலையில் இறக்கினேன். ஃப்ளாட்லாக் மெஷினில் கழுத்து ஓட்டியது தேனிப் பக்கத்து அக்கா ஒருவர். எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு, "எனக்குக் காட்டுன பீஸ்ல எப்படி இருந்துச்சோ அப்படித்தான் தம்பி ஓட்டுனேன். அந்தக் கடுதாசியில என்ன எழுதியிருக்குன்னு யாரும் சொல்லலையே" என்றார்.

அன்று சாயங்காலம் ஒரு கார்ட்டன் அட்டையைக் கிழித்து, மார்க்கரில் பெரிதாக ஒரு கழுத்து வரைந்து, அம்புக்குறி போட்டு, "மேல்தையல்: ரிப் மேல் அல்ல, பாடி மேல். 2 மி.மீ. உள்ளே" என்று எழுதி மெஷினுக்கு மேலே கட்டினேன். அதற்கப்புறம் ஒவ்வொரு ஸ்டைலுக்கும், அதாவது ஒவ்வொரு டிசைனுக்கும், அப்படி ஒரு அட்டை எழுத ஆரம்பித்திருக்கிறேன். எழுத ஆரம்பித்தது எனக்கே நினைவில்லை, டைரிதான் சொன்னது. "அட்டை எழுதினேன்", "அட்டை, 2 ஸ்டைல்", "ஞாயிறு: அட்டை". சிவப்பு வட்டங்கள் எல்லாம் யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்று புரியாமல் போனது, அதற்கு அவரையே திட்டியது. நீல வட்டங்கள் எல்லாம் அட்டை.

இதைப் படித்ததும் உடனே ஞானம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். எனக்கு இது ரொம்பச் சின்ன விஷயமாகத் தெரிந்தது. மிஷன் என்றால் பெரிதாக இருக்க வேண்டாமா? கண் முன்னால் பெரிய விஷயம் ஒன்று வேறு இருந்தது. என் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்றவர், ஊர் சென்னிமலைப் பக்கம், ஒரத்துப்பாளையம் அணைக்கு அருகில். 1992இல் பாசனத்துக்கென்று கட்டி முடித்த அணை, எங்கள் ஊர்ச் சாயத்தைத் தேக்கி வைக்கும் தொட்டியாகிவிட்டது. அம்மாயி வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை மாடு குடிக்காது. "உங்க பனியன் பவுசு எங்க கெணத்துல தெரியுது சாமி" என்பார். எனவே ஒரு காகிதத்தில் "நொய்யலை மீட்பது" என்று எழுதினேன். அழகாக இருந்தது. கண்ணில் நீர்கூட வந்தது.

அப்புறம் டைரிக்குப் போனேன். மூன்று வருஷத்தில் நொய்யலைப் பற்றி ஒரு வரி இல்லை. தினமும் அந்த ஆற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன், மூக்கைப் பொத்திக்கொண்டு. கவலை இருந்திருக்கிறது, கை போனதில்லை. ஆற்றுக்காக வழக்கு நடத்தியவர்கள், விவசாயிகள், அவர்கள் டைரி வேறு மாதிரி இருந்திருக்கும். என் டைரியில் இல்லாததை மிஷன் என்று எழுதுவது அந்த லேமினேட் அட்டையைத் தமிழில் எழுதுவது போலத்தான். காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். குற்ற உணர்ச்சியோடுதான் கிழித்தேன், அது இன்னும் முழுக்கப் போகவில்லை.

இந்த இடத்தில் இளையவர்களுக்கு ஒன்று. வேலைக்கு வந்து ஐந்து வருஷம்கூட ஆகாதவர்கள் மிஷன் எழுத உட்காராதீர்கள். எழுத உங்களிடம் சரக்கு இருக்காது, அடுத்தவர் சொல்லைத்தான் எழுதுவீர்கள், நான் ஹோட்டலில் எழுதியது போல. டைரி எழுதுங்கள், தினம் இரண்டு வரி போதும். டைரி இல்லாதவர்கள் பழைய வாட்ஸப்பைத் தேடிப் பாருங்கள். யாரும் கேட்காமல் நீங்கள் யாருக்கு நீளமாகப் பதில் எழுதியிருக்கிறீர்கள் என்று பார்த்தால் பாதி தெரிந்துவிடும். "உனக்கு எது பிடிக்கும், அதைச் செய்" என்ற அறிவுரை எனக்கு உதவியதே இல்லை. எனக்குத் தூங்கப் பிடிக்கும்.

அடுத்த விஷயம் மொழி. இரண்டாம் தடவை தமிழில் எழுதினேன். நான் கோபத்தில் திட்டுவது தமிழில்தான், அதுவும் எங்கள் பக்கத்துத் தமிழில். திட்டும்போது எந்த மொழி வருகிறதோ அதில் எழுதினால் பூச்சு வேலை செய்ய முடியாது. 'உன்னதம்' என்று எழுத வந்தால் பேனாவே கூச்சப்பட்டு நின்றுவிடும். முதலில் வந்தது: "தையல் தளத்தில் இருப்பவர்களின் அறிவை உயர்த்துவது." இதைப் படித்துவிட்டு அந்தத் தேனி அக்காவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். அவர் அறிவை நான் உயர்த்துவதா? மணிக்கு அறுபது கழுத்து ஓட்டுகிறவர் அவர். அடித்தேன். "தளத்தில் இருப்பவர்களுக்கு உதவுவது" என்று எழுதினேன். எதில் உதவி? சம்பளமா, வீட்டு வாடகையா, பிள்ளை படிப்பா? முடிவே இல்லை. அதையும் அடித்தேன். இப்படி இரண்டு மாதம் போனது.

மே மாதம் அம்மாயிக்குக் கண் மங்கிவிட்டது. ஊரில் நடந்த கண் முகாமில் பார்த்துப் புரை என்றார்கள். அங்கிருந்தே பஸ்ஸில் கோயம்புத்தூர் அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். தங்குவது, சாப்பாடு, ஆபரேஷன், திரும்பக் கொண்டுவந்து விடுவது எல்லாம் இலவசம். நான் பின்னாலேயே போய்ச் சேர்ந்தேன். தொழில் புத்தி, உட்கார்ந்த இடத்தில் லைன் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன். பச்சைத் துணி போர்த்திய பாட்டிமார் வரிசை. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு பெண் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே போக, இன்னொருத்தி எந்தக் கண் என்று சரிபார்த்துக்கொண்டே வருகிறாள். யாரும் அடுத்தவரைத் தேடி நடக்கவில்லை, யாரும் கத்தவில்லை. உள்ளே டாக்டருக்கு இரண்டு மேசை என்பதை அப்புறம் தெரிந்துகொண்டேன். ஒரு மேசையில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்தவர் பக்கத்து மேசையில் தயாராகக் கிடப்பார். வேலை எங்கும் தேங்காமல் பங்கிடும் எங்கள் லைன் பேலன்சிங்கை இவ்வளவு சுத்தமாக எந்தப் பனியன் கம்பெனியிலும் நான் பார்த்ததில்லை.

டாக்டர் ஜி. வெங்கடசாமியைப் பற்றி அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். அரசுப் பணியில் இருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்தவர். இளம் வயதிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர், அந்த விரல்களோடுதான் அறுவை சிகிச்சை செய்யப் பழகினார். இதெல்லாம் பலருக்கும் தெரியும். என்னைப் பிடித்து நிறுத்தியது அவர்கள் நோக்கமாக எழுதி வைத்திருந்ததில் ஒரே ஒரு சொல். பார்வையிழப்பை ஒழிப்பது என்று அவர்கள் எழுதவில்லை. 'தேவையற்ற' பார்வையிழப்பை ஒழிப்பது.

அந்த 'தேவையற்ற' இல்லாவிட்டால் அது கனவு. இருப்பதால் வேலைத்திட்டம் ஆகிவிடுகிறது. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று தெரிந்தும் குருடாக இருக்கிறார்களே, அவர்கள்தான் முதல் கணக்கு. அப்படியென்றால் புரை முதலில் வரும். புரை என்றால் எண்ணிக்கை வேண்டும், எண்ணிக்கைக்கு இரண்டு மேசை வேண்டும். நோயாளி வருவார் என்று காத்திருக்க முடியாது, முகாமுக்குப் போக வேண்டும். வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகாது என்றால் தாங்களே செய்ய வேண்டும், 1992இல் அதற்கென்று ஆரோலேப் ஆரம்பித்தார்கள். ஒரு சொல்லில் இருந்து இவ்வளவும் இறங்கி வருவதாகத்தான் எனக்குப் பட்டது. அம்மாயி கட்டுப் பிரித்த அன்று என் சட்டையைப் பார்த்து, "ஏஞ்சாமி, காலர் கிழிஞ்சதையா போட்டுட்டு வந்த?" என்றார். இரண்டு வருஷமாக அவர் என் முகத்தைத்தான் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வாக்கியத்துக்கு ஒரு கடிவாளச் சொல் வேண்டும் என்று அப்போது புரிந்தது. வீடு திரும்பும் பஸ்ஸிலேயே வந்துவிட்டது: "தைக்கிறவருக்குப் புரியாத ஒரு குறிப்பும் தளத்துக்குப் போகக் கூடாது. அதைத் தமிழில் ஒரே பக்கத்தில் ஆக்குவது என் வேலை." குறிப்பு என்பது கடிவாளம். ஒரே பக்கம் என்பது இன்னொன்று. சம்பளம் என் கையில் இல்லை, ஷிப்ட் நேரம் என் கையில் இல்லை, குறிப்பு என் கையில் இருந்தது.

எழுதியதும் ஒரு சோதனை வைத்தேன். கடந்த காலத்தில் எடுத்த ஐந்து பெரிய முடிவுகளை எடுத்து, இந்த வாக்கியம் அன்று கையில் இருந்திருந்தால் எதையாவது மாற்றி எடுத்திருப்பேனா என்று கேட்டேன். இரண்டை மாற்றியிருப்பேன். ஒன்று, 2007இல் தளத்துப் பொறுப்பைக் கொடுத்தபோது 'கௌரவக் குறைச்சல்' என்று மறுத்தது. இன்னொன்றை இங்கே எழுத முடியாது. ஒன்றுகூட மாறாது என்றால் அந்த வாக்கியம் அலங்காரம் என்று அர்த்தம், திரும்ப உட்காருங்கள்.

இனி நான் சொதப்பிய இடம். 2013இல் டாக்காவில் ஒரு கம்பெனியிலிருந்து அழைப்பு. திருப்பூர் மெர்ச்சன்டைசர்கள் பலர் அப்போது வங்கதேசம் போய்க்கொண்டிருந்தார்கள். என் சம்பளம் 38,000, அவர்கள் சொன்னது அதைப் போல இரண்டரை மடங்கு. நான் மூன்றே நாளில் மறுத்துவிட்டேன். அங்கே நான் தமிழில் யாருக்கு அட்டை எழுதுவது? வாக்கியம் வேலை செய்தது என்று எனக்கு உள்ளூரப் பெருமை. மறுத்ததற்கப்புறம்தான் மனைவியிடம் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "ஏனுங், வீட்டுக் கடன் ஏழு லட்சம் பாக்கி இருக்குதுங். உங்க நோட்டுல அது எந்தப் பக்கத்துல எழுதியிருக்குதுங்?"

பதில் இல்லை. அவர் கேட்டது நியாயம். என் வாக்கியத்துக்கான விலையில் பாதியை அவர் கொடுக்கப்போகிறார், அவரிடம் கேட்காமலே நான் வாங்கிவிட்டேன். ஒரு மாதம் வீட்டில் பேச்சு சுருக்கமாகவே இருந்தது. பிறகு இருவரும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். கடன் தவணை, பள்ளிக் கட்டணம், மளிகை, அம்மா மருந்து எல்லாம் சேர்த்து மாதம் 25,000க்குக் கீழே வீட்டுக்கு வரும் பணம் இறங்கக் கூடாது. இறங்கினால் மிஷனை மூட்டை கட்டிவிட்டு எந்த வேலை கிடைத்தாலும் போவது. இதை அவர் கையெழுத்திலேயே நோட்டில் எழுதினார். என் வாக்கியத்துக்குக் கீழே இன்னும் இருக்கிறது. இரண்டில் எது முக்கியமான வரி என்று கேட்டால் நான் சட்டென்று பதில் சொல்ல மாட்டேன்.

விஷனுக்கு வருகிறேன். மிஷன் எதற்காக என்று சொல்கிறது, விஷன் எங்கே போய் நிற்பேன் என்று காட்ட வேண்டும். தமிழில் தொலைநோக்கு என்கிறார்கள், அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு மேடையும் பொன்னாடையும்தான் நினைவுக்கு வரும். என் முதல் விஷன்: "2020க்குள் சொந்த யூனிட், 5 கோடி டர்ன்ஓவர்." இது திருப்பூர்க் காற்றிலேயே இருப்பது. டெய்லருக்கு உதவியாகக் கைமடித்த பையன் முதலாளி ஆன ஊர் இது, அந்த ஆசையில் தப்பே இல்லை. ஆனால் டைரியில் முதலாளி ஆசைக்கு ஒரு வட்டமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் விஷனை நான் எழுதியிருந்தேன். அவர் நன்றாகவே வந்துவிட்டார், அது வேறு விஷயம்.

இரண்டாம் தடவை எண்ணை விட்டுவிட்டு ஒரு காட்சி எழுதினேன். ஒரே ஒரு நாளின் ஒரு மணி நேரம். "2018. ஒரு ஞாயிறு, காலை பத்தரை. பி.என். ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை, நல்ல காற்று. நான்கு மெஷின்: இரண்டு ஓவர்லாக், ஒரு ஃப்ளாட்லாக், ஒரு சிங்கர். பன்னிரண்டு பேர். அவர்களில் ஒருவர் எழுந்து நின்று டெக்பேக்கைப் படித்து மற்றவர்களுக்கு விளக்குகிறார். நான் கடைசி பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன்."

எழுதும்போது கடைசி வரியைச் சும்மா ஆசைக்குத்தான் எழுதினேன். பிற்பாடு பார்த்தால் அதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. நான் பின்னால் உட்கார வேண்டும் என்றால் முன்னால் நிற்க ஒருவர் தயாராக வேண்டும். எனவே ஞாயிறு வகுப்பு ஆரம்பித்தபோது முதல் வாரத்திலிருந்தே நான் பாதிதான் சொல்லிக்கொடுத்தேன், மீதியை வந்தவர்களைச் சொல்லச் சொன்னேன். ஆரம்பத்தில் மூன்று பேர், என் வீட்டு மொட்டைமாடி. ஸ்லீவ், ஷோல்டர், ஹெம், டாப்ஸ்டிச் என்று நாற்பது சொல். டெக்பேக்கில் திரும்பத் திரும்ப வருவது அவ்வளவுதான், அது தெரிந்தால் கமென்ட் ஷீட்டில் முக்கால்வாசி திறந்துவிடும். இந்த நாற்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆனது, நான் முந்நூறு சொல்லோடு ஆரம்பித்து எல்லோரையும் தூங்க வைத்துக்கொண்டிருந்தேன்.

2017இல் வீட்டுக் கடன் முடிந்தது, வேலையை விட்டேன். சின்ன யூனிட்டுகளுக்கு டெக்பேக்கைத் தளத்து அட்டையாக மாற்றிக் கொடுப்பது, லைன் தொடங்கும் நாளில் கூட நின்று விளக்குவது. முதல் ஆறு மாதம் சராசரி 21,000. நோட்டில் இருந்த கோட்டுக்குக் கீழே. ஒப்பந்தப்படி நான் மூட்டை கட்டியிருக்க வேண்டும். மனைவிதான் "இன்னும் மூணு மாசம் பாக்கலாங்" என்றார். எட்டாம் மாதம் 27,000 வந்தது. அந்தக் கோடு இல்லாமல் இருந்திருந்தால் நான் இரண்டாம் மாதமே பயந்து ஓடியிருப்பேன் அல்லது இரண்டு வருஷம் வீட்டைப் பட்டினி போட்டிருப்பேன், இரண்டில் ஒன்று நிச்சயம்.

2018இல் காட்சி எப்படி இருந்தது? மாடி அறை கிடைக்கவில்லை. தரைத்தளம், பக்கத்தில் லேத் பட்டறை, காற்றும் இல்லை. நான்குக்கு இரண்டு மெஷின், பன்னிரண்டுக்கு எட்டுப் பேர். ஆனால் ஒரு ஞாயிறு, கமென்ட் ஷீட்டைக் கையில் பிடித்து, விரலை வரிக்கு வரி நகர்த்தி, "டாப்ஸ்டிச் ஆன் பாடி. பாத்துக்கங்க புள்ளைகளா, ரிப்புல போட்டுறாதீக. இதுக்கு நான் ஒருக்கா வாங்குன ஏச்சு போதும்" என்று சொல்லிவிட்டு அந்தத் தேனி அக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் டீயைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டது அதற்குப் பல வருஷம் முன்பே, ஆனாலும் எட்டுப் பேர் முன்னால் இப்போதுதான் கணக்கு நேரானது.

2020 மார்ச்சில் ஊரடங்கு. வகுப்பு நின்றது, பாதிப்பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். அட்டையை ஃபோட்டோ எடுத்து, கீழே என் குரலில் ஒரு நிமிஷ வாய்ஸ் அனுப்ப ஆரம்பித்தேன். அது எதிர்பாராமல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. இன்று அறைக்கு வருபவர்களைவிட வாய்ஸ் கேட்பவர்கள் அதிகம். விஷனில் இது எங்குமே இல்லை.

அடிக்கடி திருத்தாதீர்கள் என்று சொல்வேன். மனசு சரியில்லாத நாளில் மிஷனைத் திருத்தினால் அது புலம்பலாகிவிடும். நான் வருஷத்துக்கு ஒரு நாள்தான் நோட்டைத் திறப்பேன், ஆயுத பூஜை அன்று. மெஷினைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் வைத்த பிறகு. 2024 ஆயுத பூஜையில் ஒரு சொல்லில் கை நின்றது. "அதைத் தமிழில் ஒரே பக்கத்தில் ஆக்குவது..." அந்த வாரம் வகுப்பில் இருந்த பத்துப் பேரில் ஆறு பேர் பீகாரும் ஒடிசாவும். நான் எழுதிய தமிழ் அட்டை அவர்களுக்கு, 2009இல் தொங்கிய ஆங்கிலக் கடுதாசி போலத்தான். டாக்காவை எந்தச் சொல்லைக் காட்டி மறுத்தேனோ அதே சொல். 'தமிழில்' என்பதை அடித்துவிட்டு, 'அவர் மொழியில்' என்று எழுதினேன்.

எழுதிவிட்டேன், இந்தி தெரியாது. 47 வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். சொல்லிக்கொடுப்பது பீகார்ப் பையன், 22 வயது, ஓவர்லாக் ஓட்டுகிறான், என்னைவிடக் கண்டிப்பு. கழுத்துக்கு என்ன என்று கேட்டேன். "கலா, சார்" என்றான். அட்டையில் கழுத்து வரைந்து, அம்பு போட்டு, பக்கத்தில் மெதுவாக எழுதிக் காட்டினேன். பின்னாலிருந்து எட்டிப் பார்த்த தேனி அக்கா, "கலாவா? போன மாசம் நின்னுட்டுப் போனாளே, அவளுக்கா தம்பி அட்டை எழுதுறீக?" என்றார். பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. என் கையிலிருந்து மார்க்கரை வாங்கி, நான் போடாமல் விட்டிருந்த ஒரு கோட்டை எழுத்துக்கு மேலே இழுத்துவிட்டு, திரும்ப எழுதச் சொன்னான்.